வெண்டல் டோலிவருக்குத் தோற்கத் தெரியாது

உங்கள் அலுவலகத்துக் காபி மோசமில்லை, வக்கீலம்மா. எங்கள் டுலீடோ அரங்கில் ஊற்றிக் கொடுப்பதைப் பன்னிரண்டு வருடம் குடித்தவனுக்கு இது அமிர்தம்.

பதிவு ஓடுகிறதா? நல்லது. என் பெயர் ராய்ஸ் ஹேவர்டி. டுலீடோ மில்லர்ஸ் கூடைப்பந்து அணியின் பொது மேலாளர். யாரை எடுப்பது, யாரைக் கைமாற்றுவது, யாரைக் கழற்றிவிடுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. வெண்டல் டோலிவர் மே மாதம் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து செத்தது எப்படி என்று விசாரிக்க லீக் உங்களை அனுப்பியிருக்கிறது. சொல்லிவிடுகிறேன். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. மறைத்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்கள் கோப்பில் இருக்கிறது.

முதலில் எங்கள் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். நாங்கள் மோசமான அணி இல்லை. மோசமாக இருந்திருந்தால் கவலையே பட்டிருக்க மாட்டேன். நாங்கள் சுமாரான அணி. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய நோய் கிடையாது. முதலிடத்தில் வருகிறவனுக்குக் கோப்பை. கடைசியில் வருகிறவனுக்கு, கல்லூரிகளிலிருந்து வரும் புதியவர்களில் முதல் ஆளைப் பொறுக்கிக்கொள்ளும் குலுக்கலில் நல்ல வாய்ப்பு. நடுவில் நிற்கிறவனுக்கு ஏப்ரலிலேயே கோடை விடுமுறை. ஏழு வருடம் அந்த விடுமுறையை அனுபவித்துவிட்டு, உரிமையாளரிடம் போய் மூன்று வருடம் மண்ணைக் கவ்வ அனுமதி கேட்டேன். பெரிய மனிதர், உடனே கொடுத்தார். 'மறுகட்டுமானம்' என்று பதாகை அடித்து அரங்க வாசலில் கட்டினோம். ரசிகர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

நன்றாக ஆடியவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன். பதிலுக்கு, வரும் வருடங்களில் புதியவர்களைப் பொறுக்கும் தேர்வு உரிமைகளை வாங்கினேன். யார் மனதும் நோகாமல் பேசத் தெரிந்த, வேறெதுவும் தெரியாத ஒரு பயிற்சியாளரை அமர்த்தினேன். தோற்பதற்கான ஏற்பாடுகள் கச்சிதமாக இருந்தன. குறுக்கே நின்றவன் ஒருவன்தான். முப்பத்து மூன்று வயது, பதினோரு வருடம் எங்களோடு இருந்தவன், அணித்தலைவன் வெண்டல். தோற்க வேண்டிய ஆட்டத்தையெல்லாம் தனியாளாக நின்று ஜெயித்துத் தொலைத்தான்.

நவம்பரில் ஒரு நாள், பதினேழு புள்ளிகள் பின்தங்கியிருந்த ஆட்டத்தைத் திருப்பிவிட்டு, இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு என் அறைக்குள் வந்தான்.

"என்ன பாஸ், பாத்தீங்களா? இன்னிக்கு எப்படி?"

"பாத்தேன்."

"ஜெயிச்சுட்டு வந்திருக்கோம், மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? பல்லு வலியா?"

"ஆமாம், கொஞ்சம்."

"கிராம்பு வையுங்க. எங்க அத்தை அதத்தான் செய்வாங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன்மேல் எனக்கு அன்றைக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அன்பும் இருந்தது. இரண்டும் ஒரே மனிதன்மேல் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லையே.

செப்டம்பரைத் தாண்டிப் போய்விட்டேன் என்கிறீர்கள். வருகிறேன்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடக்கும். எங்கள் டாக்டர் இரேனா நோவாக் வெண்டலின் அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதயத் தசை தடிச்சிருக்கு, ராய்ஸ். இனிமே இவரு ஆடவே கூடாது. நெஞ்சுல ஒரு சின்னக் கருவி வெச்சுட்டா எண்பது வயசு வரைக்கும் நல்லா இருப்பாரு. ஆடினா எந்த நிமிஷம் வேணாலும் நின்னுடும். நான் இன்னிக்கே அவருகிட்ட பேசறேன்."

"நான் சொல்றேன், டாக்டர். பதினோரு வருஷப் பழக்கம். என் வாயால கேட்டா கொஞ்சமாவது தாங்குவான்."

"நாளைக்குள்ள சொல்லிடுவீங்களா?"

"நாளைக்குள்ள."

அடுத்த வாரமே மருத்துவ ஒப்பந்தத்தை வேறொரு குழுவுக்கு மாற்றினேன். மறுகட்டுமானம் என்றால் எல்லாவற்றிலும்தானே? புதியவர்களுக்கு என் அலுவலகம் சுருக்கக் குறிப்பு அனுப்பியது. வெண்டல் விஷயத்தில் சுருக்கம் சற்று அதிகமாகிவிட்டது. டாக்டர் நோவாக் அவனுக்கு இரண்டு கடிதங்கள் போட்டார். ஆட்டக்காரர்களுக்கு வரும் தபாலெல்லாம் எங்களிடம் வந்துதான் போகும். அந்த இரண்டும் வந்தன, போகவில்லை. ஜனவரியில் அவர் தொலைக்காட்சியில் வெண்டல் ஆடுவதைப் பார்த்துப் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். வேறு நிபுணர் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்காக வருந்துகிறேன்.

அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அணி தானாகவே தோற்றிருக்குமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தோற்றிருக்கும். ஆனால் இதய நோயாளிக்குப் பதிலாக யாரும் எதுவும் தர மாட்டார்கள். காலி நாற்காலியைக் கைமாற்ற முடியாது, வக்கீலம்மா. பிப்ரவரியில் ஆள் மாற்றும் கெடு வரும்போதுதான் நல்ல ஆட்டக்காரனுக்கு உச்ச மதிப்பு. அதுவரை அவன் ஆடியாக வேண்டும். என் மனசாட்சிக்காக அவன் ஆடும் நேரத்தை இருபது நிமிடமாகக் குறைத்தேன். தோற்பதற்காகக் குறைத்ததாகப் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு வைத்தியம் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

கெடு நாளில் பிற்பகல் மூன்று மணியோடு கதவு மூடிவிடும். இரண்டு நாற்பதுக்கு அல்பகர்க்கி அணியின் மேலாளர் கஸ் பெரால்ட்டா கூப்பிட்டார். கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கிற அணி. அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரன் கணுக்காலை உடைத்துக்கொண்டிருந்தான்.

"ராய்ஸ், வெண்டல குடு. முதல் சுற்றுத் தேர்வு ஒண்ணு தர்றேன்."

"ரெண்டு."

"ஒண்ணு. கோப்பைப் போட்டியில நாங்க மூணாவது ரவுண்டுக்குப் போயிட்டா இன்னொண்ணு. சரியா?"

"சரி."

"நாளைக்கே ஆடணும். இங்க வந்து டெஸ்ட்டு, அது இதுன்னு ரெண்டு நாள் ஓட்ட முடியாது. ஆளு நல்லாத்தான இருக்கான்?"

"நாலு வருஷத்துல ஒரு ஆட்டம்கூட லீவு போட்டதில்ல, கஸ்."

இது முழு உண்மை. வாங்குகிற அணி விரும்பினால் பரிசோதனையை விட்டுக்கொடுக்கலாம். அவசரத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்; ஒருவர் வாயை ஒருவர் நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. கஸ் நம்பினார். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை.

வெண்டல் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினான். போகும்போது கேட்டான்: "பாஸ், செப்டம்பர் டெஸ்ட்டுல எதாச்சும் சொன்னாங்களா? மாடிப்படி ஏறினா ஒரு மாதிரி வருது."

"வயசாகுதுடா."

அதுவும் உண்மைதானே.

அவன் போனதும் எல்லாம் சீரானது. நாங்கள் வரிசையாக இருபத்தொரு ஆட்டம் தோற்றோம். அவன் அல்பகர்க்கியைக் கோப்பைப் போட்டியின் முதல் சுற்றில் ஜெயிக்க வைத்தான். சுற்றுக்கு ஏழு ஆட்டம், நான்கு ஜெயித்தால் அடுத்த சுற்று. இரண்டாவது சுற்றில் ஆறாவது ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, பந்தே கையில் இல்லாமல், பேசாமல் மடிந்து விழுந்தான். அப்போது அவர்கள் பதினொரு புள்ளி முன்னிலையில் இருந்தார்கள்.

அடுத்த வாரம் சிகாகோவில் குலுக்கல். ஒவ்வொரு அணியும் ராசிக்காக ஓர் ஆளை மேடையில் உட்கார வைக்கும். நாங்கள் வெண்டலின் மனைவி மார்வெட்டாவை உட்கார வைத்தோம். யோசனை என்னுடையதுதான். அவனுடைய பழைய மில்லர்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் தேர்வு எங்களுக்கு விழுந்தது. அரங்கமே எழுந்து நின்றது. அவள் என் தோளில் சாய்ந்து, "அவரு உங்கள சொந்த அண்ணனாத்தான் நெனச்சாரு, ராய்ஸ்" என்றாள். அங்கேயே அழுதுவிட்டேன். நடிப்பில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்றைக்காவது அவனிடம் சொல்லும் எண்ணம் இருந்ததா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். இருந்தது. அவர்களுடைய பருவம் முடிந்த மறுநாள் சொல்வதாக இருந்தேன். அவன்தான் தோற்காமல் இழுத்துக்கொண்டே போனான்.

உங்கள் கோப்பில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் என்னைக் கூப்பிட்டான். அவர்களுடைய டாக்டரைக் கூப்பிடவில்லை, மார்வெட்டாவிடம் சொல்லவில்லை. என்னைத்தான்.

"பாஸ், நெஞ்சுல என்னமோ படபடன்னு அடிச்சிக்குது. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. இங்க சொன்னா ஒக்கார வெச்சிடுவாங்க. என்ன பண்ணட்டும்? நீங்க சொல்லுங்க, கேக்கறேன்."

இன்னும் ஒரு வெற்றி வந்தால் அவர்கள் மூன்றாவது சுற்று. எங்களுக்கு, கஸ் வாக்குக் கொடுத்த இரண்டாவது தேர்வு.

"பதட்டமா இருக்கும்டா," என்றேன். "இன்னும் ஒரு ஆட்டம்தான? ஆடி முடிச்சிட்டுக் காட்டிக்கோ."

"சரி பாஸ்."

பிறகு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அவன் ஜெயிக்க வேண்டும் என்று அந்த வருடத்திலேயே முதன்முறையாக மனதார வேண்டிக்கொண்டேன். பாக்கி இருந்த நான்கு நிமிடத்தை இரண்டு நாள் கழித்து, கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு ஆடி முடித்தார்கள். ஜெயித்தார்கள். இரண்டாவது தேர்வு எங்களுக்கு வந்து சேர்ந்தது. அது வெண்டல் வாங்கிக் கொடுத்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அடுத்தவன் உழைப்பை என் பெயரில் போட்டுக்கொள்கிற ஆள் நான் இல்லை.