பிளக்கைத் தொடவிடாத அக்கா

பெருமைமிகு அவைத்தலைவர் அவர்களே, அறிவில் மூத்த பெரியோர்களே, பிள்ளைகளின் கைப்பேசியை நான்கு முறை பிடுங்கி ஐந்தாம் முறை மனமிரங்கித் தந்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கணினிக் குற்றப் புலனாய்வில் இன்று பயிற்சி முடிக்கும் இளஞ்சிங்கங்களே, வணக்கம்.

சாட்சி என்றால் என்ன? கூண்டில் ஏறிச் சத்தியம் செய்பவர் மட்டுமா சாட்சி? மேசைமேல் முணுமுணுக்கும் கணினியும் சாட்சிதான். ஆனால் அணைத்தால் பாதியை மறந்துவிடும் சாட்சி. இதை வகுப்பு வகுப்பாகப் போதித்தவன் யார்? நான். வேளை வந்தபோது மறந்து நின்றவன் யார்? அவனும் நானே. இப்போதே கைதட்டாதீர்கள், என் அவமானம் இன்னும் முடியவில்லை.

ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவு. வினாத்தாள் வெளியே போய்விட்டது. போனது தட்டச்சுப் பணி செய்யும் ஒரு தங்கையின் கணினியிலிருந்து. முதல்வர் அறையில் அவள் அழுதுகொண்டு நிற்கிறாள். மாலைக்குள் வேலை போகும், மறுநாள் மானம் போகும். நான் போனேன். எப்படிப் போனேன்? கையுறை மாட்டி, கண்ணாடி மாட்டி, கம்பீரமாகப் போனேன். அறையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. "வெளிய கிளம்புறப்ப எல்லாத்தையும் அணைச்சிட்டுக் கிளம்புங்க" என்று இருபது ஆண்டுகள் என் இல்லத்தரசி தந்த பயிற்சி, அரசு தந்த பயிற்சியை வென்றது. பிளக்கை நோக்கிக் கை நீண்டது.

"சார், கைய எடுங்க."

திரும்பினேன். துடைப்பத்தோடு ஒரு துப்புரவுப் பணியாளர்.

"நான் அதிகாரிம்மா."

"இருந்துட்டுப் போங்க. தரை தேய்க்கிற மெஷினைச் சொருக, போன வருஷம் நான் இதே பிளக்கைத்தான் பிடுங்கினேன். மூணு பேரோட ஒரு நாள் வேலை காணாமப் போச்சு. நான் வாங்கின திட்டே போதும் சார்."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அவர் விடவில்லை.

"இன்னொண்ணு. காலையில மேசை துடைக்க வந்தப்ப நாற்காலியில ஆளே இல்ல. திரையில அம்பு மட்டும் தானா ஓடிட்டு இருந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

கதவின் பின்னால் தொங்கிய துப்புரவுத் தாளைக் காட்டினார். எட்டு பத்து, கையெழுத்தோடு. வினாத்தாள் போனதும் எட்டு பத்துக்கே. வாயிற்காவலர் பதிவேட்டில் அந்தத் தங்கை வந்ததோ ஒன்பதுக்கு.

அணைக்காத கணினியின் நினைவகத்தை அப்படியே படியெடுத்தோம். வேறொரு கணினி அதற்குள் நுழைந்து இன்னும் வெளியேறாமல் இருந்தது. எங்கிருந்து? அடுத்த அறையிலிருந்து. யாருடையது? "அவளைத்தான் முதல்ல பிடிங்க" என்று காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திய தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளருடையது. ஆமாம் ஐயா, பின்வரிசையில் நீங்கள் சிரிப்பது கேட்கிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விரல் ஒரு கணம் முந்தியிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தத் திரையோடு அணைந்திருக்கும்.

இளஞ்சிங்கங்களே, தொடுமுன் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், எழுதியதில் நேரம் போடுங்கள். முக்கியமாக, அந்த அறையைத் தினமும் துடைப்பவரைக் கேளுங்கள்.

அந்தத் தங்கை இதோ முதல் வரிசையில் இருக்கிறார். அவர் நாற்காலி இன்றும் அவருடையது. அந்த அக்கா மேடையில், நம் சிறப்பு விருந்தினராக. பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, என்னைத் தடுத்த அவர் குரலுக்குப் பெருநன்றி. விடைபெறுகிறேன், வணக்கம். மைக்கை அணைக்கலாம் என்று பார்த்தால், அக்கா அங்கிருந்தே வேண்டாமென்று தலையாட்டுகிறார். அப்படியே விட்டுவிட்டு இறங்குகிறேன்.