ஐந்நூறு விசிட்டிங் கார்டு

அலமாரிச் சாவிகளின் அரசியே! அன்பும் அதட்டலும் அளவாய்க் கலந்த எங்கள் அக்காவே! ஒரு பேனா கேட்டாலும் "பழசு எங்க?" என்று கேட்டே, இருபத்தாறு ஆண்டுகளாக இந்த மூன்றாம் மாடி முதலீட்டு வங்கிப் பிரிவைக் கட்டிக்காத்த அலுவலக மேலாளரே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு மடல் எழுத என்னைப் பிடித்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்ன விலைக்குப் போகும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அலங்காரத் தமிழ் முதல் பத்தியோடு தீர்ந்துவிட்டது. மீதியை நடந்தது நடந்தபடியே சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் நம் வங்கி தள்ளாடியது. நம் பிரிவை மூடப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. இல்லை, விற்கப்போகிறார்கள் என்று லிஃப்டில் பேசிக்கொண்டார்கள். வாரம் ஒரு நாற்காலி காலியானது. எனக்கும் வேறோர் இடத்தில் வேலை கிடைத்திருந்தது. சின்ன கம்பெனி, சம்பளம் குறைவு, ஆனால் ஆட்டம் காணாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வயது நாற்பத்தாறு. மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம். தப்பாக முடிவெடுத்தால் இன்னொரு வாய்ப்பு வராது.

அந்தப் புதன்கிழமை என் மேசையில் ஒரு பெட்டி வைத்தீர்கள். விசிட்டிங் கார்டு. சிக்கனம் தொடங்கியதிலிருந்து ஆளுக்கு நூறுதான் தருவீர்கள். இதில் ஐந்நூறு! பக்கத்து இருக்கையில், நாங்கள் 'கால்குலேட்டர்' என்று கூப்பிடும் நண்பருக்கும் ஐந்நூறு.

"மூடப்போற கடைக்கு எவனாவது ஐந்நூறு அடிப்பானா? அக்காவுக்கு மேலிடத்து விஷயம் ஏதோ தெரிஞ்சிருக்கு" என்றார் அவர்.

மாலைக்குள் ஒன்பது பேர் எண்ணிப் பார்த்துவிட்டோம். வீட்டில் சொன்னேன்.

"ஏங்க, அடுத்தவன் கம்பெனியை மாசக்கணக்கா அலசுறீங்க. உங்க வேலைக்கு மட்டும் அட்டைப்பெட்டியைப் பார்த்து முடிவு பண்ணுவீங்களா?" என்று மனைவி கேட்டார்.

பண்ணினேன். அந்த வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த மாதம் டீ குடிக்கும்போது உங்களிடம், "ஜாடையா சொன்னதுக்கு நன்றிக்கா" என்றேன்.

"என்ன ஜாடை, தம்பி?"

"அதான், ஐந்நூறு கார்டு."

"அட, நான் நூறுதாங்க கேட்டேன்! பிரஸ்காரர் புது மெஷின் வாங்கிட்டாரு. ஐந்நூறுக்குக் கீழ அடிக்க மாட்டேன்னுட்டாரு. அதைப் பார்த்தா இருந்தீங்க?"

"நான் மட்டும் இல்லக்கா. ஒன்பது பேரு."

"அடப்பாவிகளா!"

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தீர்கள். நம் பிரிவுத் தலைவரின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தீர்கள். கதவைச் சாத்தவும் இல்லை. மாடி முழுக்கக் கேட்டது.

"சார், என் பெட்டியை நம்பி ஒன்பது குடும்பம் இங்க உட்கார்ந்திருக்கு. மூடுறதா இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க."

"எனக்கே தெரியலைம்மா."

"அப்போ தெரியலைன்னு வெளிய வந்து சொல்லுங்க."

வந்தார். சொன்னார். (தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது: அந்த வருடம் நாங்கள் முழுசாக நம்பிய முதல் செய்தி அதுதான்.) அன்று தொடங்கி, திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு அவர் நடுக்கூடத்தில் நின்று தெரிந்ததையும் தெரியாததையும் சொல்வார். எதையாவது சொல்லாமல் விழுங்கினால், பின்னால் கைகட்டி நிற்கும் நீங்கள் இருமுவீர்கள்.

கேட்டுவிட்டு இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களின் அனுபவச் சான்றிதழை அன்றைக்கே வாங்கித் தந்தீர்கள். ஏழு பேர் இருந்தோம். பிரிவு பாதியாகச் சுருங்கியது; மூடவில்லை. இன்றும் ஓகோவென்று இல்லை. ஆனால் பெட்டியைப் பார்த்துத் தங்கியவன், பிறகு அந்தத் திங்கட்கிழமைகளைப் பார்த்துத்தான் தொடர்ந்தேன். மகள் படிப்பை முடித்துவிட்டாள். எனக்குக் குறையில்லை, அக்கா.

பரிசு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். முதல் தடவையாக உங்கள் பேச்சை மீறுகிறோம். இந்த மடலோடு ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே கார்டுகள்: உங்கள் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர். பதவி இல்லை, வங்கியின் பெயரும் இல்லை.

பிரஸ்காரர் இப்போது நூறும் அடித்துத் தருகிறார். ஐந்நூறு நாங்களாகக் கேட்டது. இந்தத் தடவை ஜாடையேதான், அக்கா. அவசரமில்லாமல், வருடத்துக்குப் பத்துப் பத்தாகக் கொடுங்கள்; ஐம்பது வருடத்துக்கு வரும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிப் பணியாளர்கள்
(போன இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள்)