படவேடு பஸ்ஸில் ஒரு பொம்மை

ஆரணியில் பஸ் கிளம்பியதும், நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து சீட்டுப் பெண் புருஷன் கையிலிருந்த பொம்மையைக் காட்டிக் கேட்டாள்.

“ஏங்க, இன்னா இந்தப் பொம்மைக்குத் தலையே இல்ல?”

“இதோட அசலு ஆதிகாலத்துல தந்தத்துல செதுக்குனதும்மா. புள்ள வரத்துக்காம். தலைக்குப் பதிலா கட்டறதுக்கு வளையம் கீது பாரு. அதோட படத்த நம்ம புடவை டிசைன் போடற கம்ப்யூட்டர்ல எறக்கி, 3டி பிரிண்டர் மிஷின்ல பிளாஸ்டிக்ல எடுத்தேன். கோயில் மரத்துல தொட்டிலுக்குப் பதிலா இத்த கட்டலாம்.”

“படவேட்டுல அம்மனுக்குத் தலை மட்டும்தான். இதுக்கு அது மட்டும்தான் இல்ல.” கையில் தூக்கிப் பார்த்தாள். “இன்னா, இவ்ளோ லேசா கீது?”

“பிளாஸ்டிக் மிச்சமாவும்னு உள்ள காலியா வுட்டுட்டேன்.”

“வயித்துலயுமா?”

அவன் தலையாட்டினான்.

“இத்தினி வருஷமா என் வயிறு காலியா கெடக்கறது போதாதா? எறங்குங்க. ரொப்பி எடுத்துகினு வரலாம்.”

அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்று கண்டக்டர் சொல்லியும் இறங்கிவிட்டார்கள். எனக்கு உட்கார இடம் கிடைத்தது.