ரேடியேட்டரில் கடல் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, ராமேஸ்வரம் போகும் பேருந்தில் உச்சிப்புளியில் இருவர் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மெக்கானிக், சட்டையெல்லாம் கிரீஸ். மற்றவர் விசைப்படகு டிரைவர். அவர் கையிலிருந்த பாட்டிலில் பால் கலந்த டீ போல ஏதோ இருந்தது.

"டீன்னு நெனச்சு ஒம் மாமனார் குடிச்சிரப் போறாரு. அவரு கார் இஞ்சின் ஆயிலு அது," என்றார் மெக்கானிக். "ஹெட் கேஸ்கட் போயி தண்ணி கலந்திருச்சு. ரேடியேட்டர்ல என்னத்தலே ஊத்துன?"

"நடுவழியில சூடாகி நின்னுருச்சு. பக்கத்துல கடலு. ரெண்டு குடம் ஊத்துனேன். எங்க போட்டு இஞ்சின் நாள்பூரா கடத்தண்ணியிலதான ஓடுது?"

"போட்டுக்கு ஆகும். காருக்கு ஆகுமா?"

"பொண்ணைக் குடுக்க ஒரு நாள்தான் யோசிச்சாரு. கார் சாவியைக் குடுக்க மூணு நாள் யோசிச்சாரு. இனி வீட்டு வாசல்ல ஏத்த மாட்டாரு. அதான் உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

மண்டபம் தாண்டியதும் மெக்கானிக் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெள்ளையும் துருவுமாகச் சில்லுகள்.

"ரேடியேட்டர்ல சுரண்டுனது. இது ஒரு நாள் உப்பு இல்லலே. வருசக்கணக்கா அடுக்கடுக்காப் படிஞ்சிருக்கு. ஒம் மாமனாரு என்ன தொழில் பாத்தாரு?"

பாலம் முழுக்கப் படகு டிரைவர் அந்தச் சில்லுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பாம்பனில்தான் சிரிப்பு வந்தது.

"முப்பது வருசம் போட்டு டிரைவரு."

அக்காள்மடத்தில் இறங்க எழுந்தபோது, அவர் பாட்டிலை மெக்கானிக்கின் கையில் திணித்தார்.

"இதை நீ வச்சுக்க. அந்தப் பொட்டலத்தை இங்கன குடு. முதல்ல நான் பேசிக்கிறேன்."