வாளியில் கிடந்த காது வில்லைகள்

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, மாவட்ட விவசாயக் குழு உறுப்பினர்களே, வேலையைப் போட்டுவிட்டுச் சேற்று பூட்ஸோடு இந்தத் தேவாலயக் கூடத்துக்கு வந்திருக்கும் டோரன் மாவட்டத்துப் பண்ணைக் குடும்பங்களே! நான் டெல்மர் க்ராஸ்கா, உங்கள் குழுவின் தலைவன். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறேன் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

பேரிடர் உதவி அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு நம் மனுக்களை வாங்கிய ரொவீனா ஹால்வர்சன் அம்மையார் செவ்வாய்க்கிழமை தன் மேசையிலேயே மாரடைப்பால் போய்விட்டார். பனிப்புயலில் செத்த கன்றுகளுக்கு அரசு உதவி கேட்க நாளைதான் கடைசி நாள். நாலரை மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். இன்னும் பதினான்கு பண்ணைகள் மனுக் கொடுக்கவில்லை. அந்தப் பதினான்கு பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஏன் கொடுக்கவில்லை? எழுதத் தெரியாதா? வழி தெரியாதா? நம் ஊரில் ஒருவனிடம் எத்தனை மாடு என்று கேட்பது அவன் சட்டைப்பையில் கைவிடுவதற்குச் சமம். எத்தனை செத்தது என்று கேட்டாலோ, உனக்கு மாடு வளர்க்கத் தெரியவில்லை என்று சொன்னதாகிவிடும். மனுவின் முதல் கேள்வியே அதுதான். அதனால்தான் நாம் எண்ணிக்கையை எழுதும்போது அம்மையார் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். எழுதிய தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்வார். வரிசையில் எவனாவது எட்டிப் பார்த்தால், குதிரைக்குக் கட்டுகிற கண்பட்டை ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்பார். முப்பத்தோரு ஆண்டில் ஒரு பண்ணையின் எண்ணிக்கையாவது அவர் வாயிலிருந்து வெளியே வந்ததுண்டா? வந்ததே இல்லை!

நான் மனுவில் பன்னிரண்டு என்று எழுதினேன். தீவனக் கடையிலும் அதையே சொல்லித் திரிந்தேன். தலைவன் ஆயிற்றே, கௌரவம்! திங்கள்கிழமை அம்மையார் என் பண்ணைக்குச் சரிபார்க்க வந்தார். செத்த கன்றுகளின் காதிலிருந்து வெட்டியெடுத்த, எண் போட்ட அடையாள வில்லைகளை ஒரு வாளியில் போட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தேன். நேராகப் போய் அதை எடுத்து வந்து, என் வண்டியின் முன்மூடிமேல் கொட்டி எண்ணினார்.

"டெல்மர், பன்னெண்டு இல்ல இது. வந்து திருத்தி எழுது."

"உன் வேலைய நீ பாரு, ரொவீனா."

"இதுதான்யா என் வேலை. தலைவன் நீயே பன்னெண்டுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா, முப்பதைப் பறிகொடுத்தவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என்கிட்ட வருவான்?"

நான் வெளிக்கதவைத் திறந்துவிட்டு, அவர் போகட்டும் என்று நின்றேன். மறுநாள் அவர் இல்லை. அந்தப் பதினான்கு பேரைத் தடுத்தது புயலல்ல, நான்.

இதோ அந்த வாளி. உள்ளே இருப்பது நாற்பத்து மூன்று. சத்தமாகவே சொல்கிறேன்: டெல்மர் க்ராஸ்கா நாற்பத்து மூன்று கன்றுகளைப் பறிகொடுத்தான்!

இப்போது அம்மையார் நினைவாக ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நில்லுங்கள். நின்றவர்கள் மறுபடி உட்கார வேண்டாம். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பதினான்கு மனுக்களும் பேனாக்களும் வைத்திருக்கிறேன். விடிந்ததும் என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பேன். இனி ஒவ்வொரு புயலுக்கும் அப்படித்தான். அம்மையாருக்கு நான் செலுத்தும் அஞ்சலி இதுவே.

எழுதிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வையுங்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன்.