பாம்பு ஷாட், எட்டாவது தடவை

— கத்தாதீங்க விஸ்வா. பாம்புக்குக் காது கேக்காது, எனக்குக் கேக்குது.

— நான் கிசுகிசுக்கறேன் ரோஹிணி. பயத்துல வால்யூம் தெரியலை. அது இன்னும் வாசல்லயா நிக்குது?

— நீங்கதானே அங்க இருக்கீங்க?

— நான் கண்ணை மூடிட்டேன். திறந்தா இமை அசையும், அசைஞ்சா கொத்தும். ஸ்டாண்டுல பக்கவாட்டா வச்ச போன் வீடியோவுல உனக்கு வாசலும் தெரியும், என் மூஞ்சியும் தெரியும்ல? பாத்துச் சொல்லு.

— படம் எடுத்து நிக்குது. நல்ல பாம்பு. அசையாதீங்க.

— ஐயோ! கீழ்வேளூர்ல இத்தனை வயல் கிடக்கு, என் மச்சான் மோட்டார் கொட்டகைதானா கிடைச்சுது அதுக்கு? அரை மணி நேரம் ஆயிருக்குமா?

— ஒண்ணரை நிமிஷம்.

— சும்மா இரு. உங்க தஞ்சாவூர் ஸ்டூடியோ கடிகாரத்துக்கு பேட்டரி மாத்து.

— இதைத்தானே ஏழு தடவை சொல்லித் திருப்பி அனுப்பினேன்? நீங்க வரைஞ்ச கார்ட்டூன் ஷாட்டுல விவசாயி பாம்பைப் பாத்ததும் பன்னிரண்டு பிரேம்ல, அரை செகண்டுல, தாண்டிக் குதிச்சு ஓடுறான். பயந்தவன் ஓடுவானா? நீங்களே நடிச்சுப் பாருங்கன்னுதான் அங்க அனுப்பினேன்.

— ஓட மாட்டான் தாயே. கால் நாத்து நட்ட மாதிரி நிக்குது. நெத்தி வேர்வை மூக்குக்கு இறங்கறதுக்குள்ள ஒரு குறுவை அறுத்துடலாம்.

— அப்படியே இருங்க. ரொம்ப நல்லா இருக்கு.

— எது?

— உங்க தைரியம்.

— மச்சானைக் கூப்பிட்டியா?

— வைத்தியலிங்கம் அண்ணனையா? கூப்பிட்டாச்சு. கம்போட வர்றார்.

— மணி என்ன? மூணுக்கு மும்முனை கரண்ட் வரும். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கார், மோட்டார் தானா ஓடும். தரையே அதிரும். அது மிரண்டு என் மேலதான் பாயும்!

— இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு.

— அப்ப சாகறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஏழு ஷாட்டும் ஏழு இல்லை. ஒரே ஷாட். நம்பரை மட்டும் மாத்தி மாத்தி அனுப்பினேன்.

— தெரியும்.

— தெரியுமா?

— மூணாவது வந்தப்பவே தெரியும். இன்னிக்கு ஆறு மணிக்கு கிளையன்ட் கேப்பான், நான் எதைக் காட்டுவேன்னு ஒரு நாளாவது நினைச்சீங்களா?

— மன்னிச்சுடு. வேணும்னா... ஐயோ, மோட்டார்! ஓடுது! ரோஹிணி, கடிச்சுடுச்சா? நீயே சொல்லு, கடிச்சுடுச்சா?

— கண்ணைத் திறங்க விஸ்வா. மச்சானுக்கு நான் போனே பண்ணலை. பாம்பு வந்த மூணாவது செகண்டே வரப்புல இறங்கிப் போயிடுச்சு. நாலு நிமிஷமா நான் ரெக்கார்ட் பண்றது உங்க மூஞ்சியைத்தான்.