பாடாதவனுக்குப் பாடகர் விருது

கறார் குறையாத கனிவோடு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! என் புல்லாங்குழலின் பிசிறையும் பொறுத்துக்கொண்ட பெரியோர்களே! கைவேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுக்க வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! கடைசி வரிசையில், கதவோரம் அமர்ந்து, அக்காளைவிட அதிகமாக முறைக்கும் என் மச்சினியே! அனைவருக்கும் இந்தக் குழல்காரனின் கும்பிடு.

‘இந்த ஆண்டின் சிறந்த பாடகர்’ என்று சற்றுமுன் என் பெயரை அழைத்தீர்கள். கைதட்டினீர்கள். ஷீல்டை நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. ஏன்? எனக்குச் சந்தேகம்! நான் குளியலறையில் முணுமுணுத்தாலே, “குழாய்ல காத்து அடைச்சிருக்கு போல” என்பவர் என் மனைவி. அப்படிப்பட்டவனுக்குப் பாடகர் விருதா?

விருது பெற்ற பாட்டில் ஒலிப்பது பெண்குரல். நடுவர்களே, அந்தத் தேன்குரல் இந்தத் தொங்குமீசைக்குள்ளிருந்தா வரும்? கேட்டு மதிப்பெண் போட்டீர்களா, கேட்காமலே போட்டீர்களா? கேட்டும் ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லையா? தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. எங்கள் வீட்டில்தான் சில வாரங்களாக யாரும் சிரிப்பதில்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் என் மச்சினி. மருந்துக்கடையில் பில் போடுபவர். கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கி வந்து பாடிய முதல் பாட்டு அது. அதற்குக் குழல் வாசித்தவன் நான். பாட்டு இணையத்தில் வெளியானது. பாடியவர் பெயர் இருந்தது. வாசித்தவன் பெயர் இல்லை. பாட்டைப் பதிவு செய்த ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். “இதென்னண்ணே பெரிய விஷயம்? ஏஐ ஏஜென்ட்கிட்ட சொன்னா அதுவே சேத்துடும்” என்றார். சொன்னார். அந்தக் கணினி உதவியாளும் ‘வெற்றிகரமாகத் திருத்தப்பட்டது’ என்று பணிவோடு பதில் தந்தது.

என்ன திருத்தம் தெரியுமா? என் பெயர் வந்தது. மச்சினி பெயர் போனது!

அன்றே எங்கள் குடும்பத்தில் சந்தேகம் குடியேறியது. மச்சினி போனில் கேட்டார்: “மாமா, உங்க பேரு வரணும்னா கேட்டு வாங்குங்க. என் பேரை எதுக்கு எடுத்தீங்க?” அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. மனைவியோ, “மெஷின் எடுத்துச்சாம்! மெஷினுக்கு என் தங்கச்சி மேல என்ன கோவம்?” என்றார். நான் ஸ்டுடியோக்காரரைச் சந்தேகித்தேன். அவர் என்னைச் சந்தேகித்தார். ஏஜென்ட்டை மட்டும் எவரும் சந்தேகிக்கவில்லை. எங்கள் எல்லோரிலும் அதுதானே மரியாதையாகப் பேசியது!

நான் விடவில்லை. அது செய்த வேலையைத் திரையில் திறந்து காட்டும்படி ஸ்டுடியோக்காரரிடம் சொன்னேன். பாட்டின் விவரங்களைத் திருத்த அதற்கு ஏபிஐ வழியாக, அதாவது பாட்டுத் தளத்தோடு நேரே பேசும் இணைப்பு வழியாக, ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். கலைஞர்கள் என்ற இடத்துக்கு எதை அனுப்புகிறதோ, அதுவே முழுப் பட்டியல் ஆகிவிடும். பழைய பெயர்களோடு சேராது. பழையதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஏஜென்ட் என் பெயரை மட்டும் அனுப்பியிருக்கிறது. செய்ததைத் திரும்பிப் பார்த்ததா? இல்லை. நாங்களாவது பார்த்தோமா? அதுவும் இல்லை. உங்கள் விருதுக்குழுவோ, அந்தப் பக்கத்திலிருந்த பெயரை அப்படியே எடுத்து ஷீல்டில் பொறித்துவிட்டது!

“திரும்ப அதுகிட்டயே சொன்னா சரி பண்ணிடும்ணே” என்கிறார் ஸ்டுடியோக்காரர். அங்கே யாரோ, ‘சொல்லித் தொலைங்க’ என்கிறார். சொல்வேன் ஐயா, சொல்வேன்! ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்வேன். மாற்றும் முன் பார்ப்பேன். மாற்றிய பின் பார்ப்பேன். ‘வெற்றி’ என்று அது சொன்னால் இன்னொரு முறை பார்ப்பேன்! கருவியே வேண்டாம் என்றா சொல்கிறேன்? கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம் என்கிறேன். மெட்டு நம்முடையது, மூச்சு நம்முடையது, முகம் சிவக்கப் பாடிய பாடு நம்முடையது. பெயர் மட்டும் யாரோ போடும் பிச்சையா?

தலைவர் அவர்களே, இந்த ஷீல்டு எனக்கு வேண்டாம். கதவோரம் எழுந்துவிட்டீர்களே அம்மா, வெளியே போகவா, மேடைக்கு வரவா? இங்கே வாருங்கள். கொஞ்சம் வழி விடுங்கள், பெரியவர்களே.

வந்துவிட்டார். ஷீல்டைத் தொடவில்லை. என் காதோரம் கேட்கிறார்: “நெஜமா நீங்க எடுக்கச் சொல்லலையா மாமா?” எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்: இல்லை! இன்னும் நம்பவில்லை, முகத்திலேயே தெரிகிறது. நம்பாவிட்டாலும் பரவாயில்லை அம்மா, பாட்டு உங்களுடையது. பாடுங்கள்.

“பாடுறேன். ஆனா என் பேரை நானே சொல்லிட்டுத்தான் பாடுவேன்” என்கிறார்.

சொல்லட்டும்! அவையோரே, அந்தப் பெயரை எந்தத் திரையிலும் தேடாமல், அவர் வாயிலிருந்தே கேளுங்கள். இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு என் நன்றி. மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குழலை எடுக்கிறேன். வணக்கம்!